செல்வி, உன் மாமனாருகிட்ட சொல்லு

ஏம்பலத்தில் பலராமன் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டி விடுவார்கள். கூடவே ஒரு பேச்சையும் சேர்த்து அனுப்புவார்கள். "மருமவ இருக்கான்னு பாத்துட்டு உள்ள போங்க. இல்லன்னா போயும் பிரயோஜனம் இல்ல." மருமகள் செல்வகுமாரி பெரிய நிர்வாகி என்று நினைத்துவிடாதீர்கள். கரும்புக்காரர் பலராமனும் அவர் சம்சாரம் தையலம்மாளும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அவர் பேச்சு அவளுக்குப் போக வேண்டுமானாலும், அவள் பேச்சு அவருக்குப் போக வேண்டுமானாலும் நடுவில் செல்வகுமாரி நிற்க வேண்டும்.

எதற்காகச் சண்டை என்று கேட்டால் சிரிப்பீர்கள். செல்வகுமாரியின் கல்யாணத்தன்று தையலம்மாளின் அண்ணனுக்கு முதல் பந்தியில் இலை கிடைக்கவில்லை. "எங்க அண்ணனை எலைக்குக் காக்க வச்சிட்டீங்களே" என்று அவள் கேட்டாள். "உங்க அண்ணன் இன்னா பெரிய கவர்னரா?" என்று பலராமன் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி. அந்த அண்ணன் இரண்டாம் பந்தியில் திருப்தியாக உட்கார்ந்து, மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். தன் பொருட்டு ஒரு சண்டை நடந்ததே அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

தையலம்மாள் நேரே மணமேடைக்கு வந்தாள். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த புது மருமகளிடம் குனிந்தாள். "செல்வி, உன் மாமனாருகிட்ட சொல்லு. இனிமே என் வாயால அவருக்கு ஒரு பேச்சு கெடையாது."

புகுந்த வீட்டில் செல்வகுமாரிக்குச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அதுதான். பெரியவர்கள் சொன்னால் தட்டாதே என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பாவம், எழுந்து போய்ச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. "நீங்களே சொல்லிக்குங்க அத்த" என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வீட்டுச் சட்டம் இப்படி. இரண்டு பேரும் ஐந்தடி தூரத்தில் இருந்தாலும், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் கணீரென்று விழுந்தாலும், செல்வகுமாரி திருப்பிச் சொல்லும்வரை அது சொல்லப்படாத பேச்சு. "செல்வி, உன் மாமனாருகிட்ட சோறு ஆச்சுன்னு சொல்லு" என்று தையலம்மாள் சொல்வாள். பலராமன் சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "மாமா, சோறு ஆச்சாம்" என்று செல்வகுமாரி சொன்ன பிறகுதான் அவர் முகத்தில் அட, சோறா என்று ஒரு ஆச்சரியம் வரும்.

ஒரு நாள் செல்வகுமாரி குளித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் பாம்பு வந்துவிட்டது. "செல்வி! உன் மாமனாரு காலுகிட்ட பாம்புடி! சொல்லுடி!" என்று தையலம்மாள் அலறினாள். பலராமன் கேட்டார். கேட்டுவிட்டு, அசையாமல் செல்வி வந்து சொல்லட்டும் என்று நின்றார். ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் பாம்புக்கே அலுத்துப்போய் வரப்போரம் போய்விட்டது. "மாமா, பாம்பாம்" என்றாள் மூச்சு வாங்க. "எங்க?" என்று கேட்டார் மனுஷன்.

இன்னொன்றும் உண்டு. கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் அந்த வீடு என்றைக்கோ இரண்டாகியிருக்கும். "அந்தாளு நாக்குல புண்ணு வைக்க" என்பது போய்ச் சேரும்போது "அத்தைக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமா இருக்குதாம்" என்றாகிவிடும். பலராமன் சந்தேகத்தோடு பார்ப்பார். "அவ்ளோதான் சொன்னாளா? நெறைய காதுல வுழுந்துச்சே." "அவ்ளோதான் மாமா." இப்படிப் பாதியை முழுங்கி முழுங்கித்தான் ஒன்பது வருடம் ஓட்டினாள்.

செல்வகுமாரி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நல்ல மார்க். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு அவளை மூன்று தரம் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு தரமும் நடந்தது ஒன்றேதான். மாமனாரைக் கேட்டாள். "எனக்கு ஒன்னும் இல்லம்மா. உன் மாமியா இன்னா சொல்றான்னு கேளு" என்றார். மாமியாரைக் கேட்டாள். "அவரு மொதல்ல சொல்லட்டும்" என்றாள். லாரி ஓட்டப் போன கணவன் அருள்முருகனைப் போனில் கேட்டாள். "அப்பாவும் அம்மாவும் சேந்து சரின்னு சொல்லிட்டா எனக்கு இன்னா வந்துச்சு?" என்றான். சேர்ந்து! சேர்ந்து சொல்வதற்கு அவர்கள் சேர்ந்து உட்கார வேண்டாமா? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்த நடையில் இரண்டு வேலையும் வேறு யாருக்கோ போய்விட்டது.

இந்த முறை கம்பெனி ஆபீஸ் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் போனில் சரி என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு ஏம்பலம் முனையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். நாலாவது தரம் என்று ஒன்று கிடையாது.

அதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்த வாரம் ஒரு நாள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் காதில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் விழுந்தது. "தாத்தா, மாட்டுக்குத் தண்ணி வைக்கணுமாம்." எட்டிப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள் வெண்ணிலா, நடுக்கூடத்தில், சரியாகச் செல்வகுமாரி நிற்கிற இடத்தில், சரியாக அவள் நிற்கிறபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆயா பக்கம் திரும்பி, "வைக்கிறாராம்" என்றது. தாத்தா சொன்னது "தெரியும் போ, பெருசா சொல்ல வந்துட்டா." ஆறு வயதில் அதற்கு முழுங்கக்கூடத் தெரிந்துவிட்டது.  செல்வகுமாரிக்குக் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தாள். இவர்கள் இரண்டு பேரையும் எப்படியாவது நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும். ஒரு வார்த்தை வந்துவிட்டால் மறு வார்த்தை தானாக வரும். தான் வேலைக்குப் போகலாம், குழந்தையும் தப்பிக்கும்.

வழி டிவியில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் 'வெள்ளிவிழா ஜோடி' என்று ஒரு நிகழ்ச்சி. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் தாண்டிய தம்பதிகள் வந்து ஆடுவார்கள், பாடுவார்கள், ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டு அழுவார்கள். ஜெயிக்கிற ஜோடிக்குச் சிங்கப்பூர் டிக்கெட். பலராமன் நாற்காலியில் இருந்தும் தையலம்மாள் தரையில் இருந்தும் ஒரு வாரம் விடாமல் பார்ப்பார்கள். அந்த நிகழ்ச்சிக்கு வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை ஆள் எடுக்கிறார்கள் என்று டிவியில் கீழே எழுத்து ஓடியது. முதல் சுற்றில் ஜோடி எதிரெதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். அதற்குப் பெயர் 'கண்ணோடு கண்'.

கேமரா முன்னால் உட்கார வைத்தால் எந்த மனுஷனுக்கும் வாய் திறக்கும் என்று செல்வகுமாரி நம்பினாள். கரும்புக் கொல்லைக்குப் போய், "மாமா, அத்தைக்கு டிவியில உங்களோட வரணும்னு ஒரே ஆசை" என்றாள். பலராமனின் சகலை ஒருவர் பாகூர் ஏரியில் தண்ணீர் திறந்தபோது செய்தியில் நாலு விநாடி வந்தவர். அந்த நாலு விநாடியை எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர். பலராமன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அவளா ஆசைப்பட்டா? சரி, போனா போவுது." வீட்டுக்கு வந்து, "அத்த, மாமா உங்களைக் கூட்டிக்கிட்டு டிவிக்குப் போவணுமாம்" என்றாள். "இந்த வயசுல இது ஒரு கேடு" என்று சொல்லிக்கொண்டே தையலம்மாள் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை உதறினாள். ஒன்பது வருடத்தில் செல்வகுமாரி இல்லாத பேச்சைக் கொண்டுபோனது அதுதான் முதல் தரம்.

சனிக்கிழமை வெண்ணிலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மண்டபம் திருவிழா மாதிரி இருந்தது. ஒரே துணியில் சட்டையும் ஜாக்கெட்டும் தைத்துக்கொண்டு வந்த ஜோடி, மாலை மாற்றி மாற்றிப் பழகுகிற ஜோடி, படிக்கட்டில் உட்கார்ந்து அழுது பார்க்கிற ஜோடி. திருபுவனையிலிருந்து வந்த ஒரு அம்மா காலையிலிருந்து கணவருக்கு லட்டு ஊட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் சர்க்கரை நோயாளி. "கேமரா வந்ததும் ஊட்டேன்டி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டோக்கன் நாற்பத்து மூன்று. கூப்பிடும்போது மணி மூன்றே முக்கால். காதில் பெரிய ஹெட்போனோடு சிவப்பிரகாசம் என்கிற ஒருங்கிணைப்பாளர் வாசலை மறித்து நின்றார். "ஜோடி மட்டும் உள்ள. நீங்க யாரு?"

"மருமவ."

"மருமவளுக்கு இங்க இன்னா வேலை? வெளிய நில்லுங்க."

பலராமனும் தையலம்மாளும் அப்படியே நின்றுவிட்டார்கள். நீந்தத் தெரியாதவர்களை ஏரியில் இறக்கின மாதிரி முகம். "செல்வி, இது இன்னாடி, நீ இல்லாமயா?" என்றாள் தையலம்மாள். "செல்வி, நீ வராம இதெல்லாம் ஆவற காரியமா?" என்றார் பலராமன். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதற்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தது! "போங்க, ரெண்டே நிமிஷம்தான்" என்று இருவர் முதுகிலும் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

தள்ளிவிட்டவள் சும்மா இருப்பாளா? மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். அங்கிருந்து கூடத்துக்குச் சாம்பார் வாளி எடுத்துக்கொடுக்க ஒரு ஜன்னல் இருந்தது. அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

மேடையில் இரண்டு நாற்காலி. கீழே நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் அமிர்தம், இருபது வருடமாகச் சீரியலில் அம்மாவாக அழுகிறவர். இன்னொருவர் அரிகரன், காமெடி நடிகர். மணி அடித்தது. பலராமனும் தையலம்மாளும் ஒருவர் கையை ஒருவர், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, விரல் நுனியில் பிடித்தார்கள். அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. ஒரு வார்த்தை இல்லை. செல்வகுமாரி ஜன்னலில் நின்று, பேசுங்க, பேசுங்க என்று முணுமுணுத்தாள். ஒன்றரை நிமிடத்தில் அமிர்தம் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "வார்த்தையே வேணாம்னு இருக்கிற அன்பு சார் இது" என்று விம்மினார்.

அப்போது பலராமன் தொண்டையைச் செருமினார். செல்வகுமாரி ஜன்னலில் இன்னும் எக்கினாள். பலராமன் முகத்தை அமிர்தத்தின் பக்கம் திருப்பினார்.

"அம்மா, அவகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. மோட்டாரை நிறுத்திட்டு வந்தாளா இன்னான்னு."

"நீங்களே கேளுங்க ஐயா, எதிர்லதானே இருக்காங்க."

"எங்களுக்குள்ள அது வழக்கம் இல்லீங்க."

அமிர்தம் குழம்பிப்போய், "மோட்டாரை நிறுத்திட்டீங்களாம்மா?" என்றார். அந்த ஒரு கேள்வியோடு அவர் மாட்டிக்கொண்டார்.

"நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. ஒன்பது வருசமா நான்தான் நிறுத்துறேன்னும் சேத்துச் சொல்லுங்க" என்றாள் தையலம்மாள்.

அமிர்தம் எழுந்து நின்றார். சீரியல்காரருக்கு இது போதாதா? "ஐயா! ஒன்பது வருஷமா இந்தப் பெண்ணோட கை உங்க மோட்டாரை நிறுத்திக்கிட்டே இருக்கு. அந்தக் கையை ஒரு நாளாவது நீங்க பார்த்திருக்கீங்களா?" கண்ணீர் தாரையாக ஓடியது.

"அவங்க அப்படியா சொன்னாங்க? நீங்க ஏன் சொந்தமா வசனம் பேசுறீங்க?" என்றார் அரிகரன்.

"பொம்பளை மனசு உங்களுக்கு எங்க தெரியும்?"

"அவருக்கு மோட்டார்தான் தெரியணும், மனசு எதுக்கு?"

பத்து நிமிடம் ஆயிற்று. அமிர்தம் தையலம்மாளுக்குப் பேசினார், அரிகரன் பலராமனுக்குப் பேசினார், அப்புறம் இருவரும் தங்களுக்கே பேச ஆரம்பித்தார்கள். என்றைக்கோ ஒரு படப்பிடிப்பில் யாருடைய கேரவனில் யார் தூங்கினார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அரிகரன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "சிவப்பிரகாசம், மேடத்துகிட்ட சொல்லிடுங்க. இனிமே அவங்களோட எனக்குப் பேச்சு கெடையாது."

"சிவப்பிரகாசம், சார்கிட்ட சொல்லுங்க. ரொம்ப சந்தோஷம்."

சிவப்பிரகாசம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். பேச்சு கூடக்கூட ஒருவரால் முடியவில்லை. மேக்கப் போடுகிறவர் அரிகரன் பக்கம் சேர்ந்தார். லைட் பிடிக்கிறவர் தையலம்மாளுக்கு வந்தார். டீ கொண்டு வந்தவரிடம், "மேடத்துக்குச் சர்க்கரை வேணுமான்னு சிவப்பிரகாசத்தைக் கேக்கச் சொல்லு" என்று யாரோ சொன்னார்கள். தான் ஒருத்தியாக ஒன்பது வருடம் செய்த வேலையை ஆறு பேர் செய்து, ஆறு பேரும் தப்பாகச் செய்வதைச் செல்வகுமாரி ஜன்னல் வழியே பார்த்தாள். பலராமன் சொன்ன "அவ இஷ்டம்" என்பதை லைட்காரர் "உன் இஷ்டத்துக்கு ஆடு" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். அவளால் பொறுக்க முடியவில்லை.

"யோவ்! அவரு அப்படிச் சொல்லல!" என்று ஜன்னலில் இருந்து கத்தினாள். "எப்படிச் சொன்னாரோ அதுல பாதியத்தான் சொல்லணும்! தெரியலன்னா வுட்டுடு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. "செல்வி வந்துட்டா" என்று பலராமனும் தையலம்மாளும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். கதவைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் மேக்கப்காரரும் லைட்காரரும் அவளைச் சாம்பார் ஜன்னல் வழியாகவே இழுத்து உள்ளே இறக்கினார்கள்.

அவள் போய் நடுவில் நின்று கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டே நிமிடம். "மாமா, மோட்டாரு நிறுத்தியாச்சாம்." "அத்த, மாமாவுக்கு இப்பதான் நிம்மதியா இருக்குதாம்." அரிகரன், "அந்தம்மா ஒரு நடிப்புப் பைத்தியம்னு சொல்லு" என்றார். "மேடம், உங்க நடிப்புன்னா சாருக்குப் பைத்தியமாம்" என்றாள். அமிர்தத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் கொஞ்சம் ஓவராத்தான் பேசிட்டேன்னு சாருகிட்ட சொல்லும்மா" என்றார்.

மேலே ஒலிபெருக்கியில் ஒரு குரல் அலறியது. அது டைரக்டர், பக்கத்து அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். "இதுதான்யா கன்டென்ட்! லட்டு ஊட்டுறதைப் பாத்துப் பாத்துச் செத்துட்டேன். செலக்டட்! மூணு பேரும் செலக்டட்!"

காகிதம் வந்தது. சிவப்பிரகாசம் படித்தார். நாற்பது நாள் சென்னையில் செட்டு போட்ட வீட்டில் தங்க வேண்டும். மூன்று பேரும் வர வேண்டும். திங்கட்கிழமை காலையே ஷூட்டிங். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பேரும் நேரடியாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் ஆட்டம் காலி.

"அதெல்லாம் பேச மாட்டோம்னு சொல்லு செல்வி" என்றார் பலராமன் பெருமையாக.

"செல்வி, உன் மாமனாருகிட்ட சொல்லு, கையெழுத்து எங்கன்னு பாத்துப் போடச் சொல்லு" என்றாள் தையலம்மாள்.

செல்வகுமாரி சொல்லவில்லை. சுவரில் மணி நாலு இருபத்தைந்து. பேச வைக்க என்று கூட்டிக்கொண்டு வந்தால், பேசாமல் இருப்பதற்குச் சிங்கப்பூர் என்கிறார்கள். நாற்பது நாள் போனால் வேலையும் போகும். அப்புறம் ஊரெல்லாம் டிவியில் பார்த்து, இந்த வீட்டு வழக்கத்துக்குக் கைதட்டி, அதைச் சட்டமாகவே ஆக்கிவிடும். அவளுக்கு வயதானால் அவள் இடத்தில் நிற்க வெண்ணிலா இருக்கிறது. 

"நான் வரல" என்றாள். "திங்கக்கெழமை எனக்கு வேலை. மாத்திரைக் கம்பெனிக்குப் போறேன்."

தையலம்மாள் வெடுக்கென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க இது! இவ இன்னா பேசுறான்னு கேட்டீங்களா?"

"கேட்டுக்கினுதான்டி இருக்கேன். வேலைக்குப் போறாளாம் வேலைக்கு! அப்ப நாம இன்னா ஆவுறது?"

"நான் எப்பவோ சொன்னேன், படிச்ச பொண்ணு நமக்கு ஆவாதுன்னு."

"எங்கடி சொன்ன?"

"இவகிட்டதான் சொல்லி அனுப்புனேன்."

"இவ எங்க சொன்னா! இவதான் பாதிய முழுங்கிடுறாளே!"

"எனக்கும் அந்த சந்தேகம் உண்டுங்க. நீங்க திட்டுறது காதுல வுழுவும், வந்து சொல்றப்ப சக்கரையா இருக்கும்."

"ஒன்பது வருசமா ஏமாத்தியிருக்கா பாரு."

லைட்காரர் லைட்டை அவர்கள் பக்கம் திருப்பினார். அவர்களுக்குத்தான் தாங்கள் பேசுவது தெரியவில்லை. ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த வாய் இரண்டும் திறந்துகொண்டு, எத்தனை ஒற்றுமையாக, எத்தனை சரளமாக அவளைத் திட்டின!  இந்த ஒரு வார்த்தைக்காகச் செல்வகுமாரி ஏங்கிக் கிடந்தாளே, அந்த வார்த்தை வந்து அவள் தலையிலேதானா இறங்க வேண்டும்?

"போச்சு!" என்றது ஒலிபெருக்கி. "பேசிட்டாங்க. அவுட். டோக்கன் நாப்பத்து நாலு! லட்டுக்காரங்களை வரச் சொல்லு!"

திரும்பி வருகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு சீட்டில் செல்வகுமாரி ஜன்னலோரமும் தையலம்மாள் அவள் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். பலராமன் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் பெரிய தெருவைத் தாண்டியபோதுதான் இருவருக்கும் என்ன நடந்தது என்று உறைத்தது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். தையலம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"செல்வி, உன் மாமனாருகிட்ட சொல்லு, டிக்கெட்டு எடுக்கணும்னு."

செல்வகுமாரி மணி பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"மேடம், ஏம்பலம் செல்வகுமாரி பேசுறேன். திங்கக்கெழமை வந்துடுறேன்."

"வீட்ல எல்லாரையும் கேட்டாச்சாம்மா? போன தடவை மாதிரி பண்ணிடாதீங்க."

"கேட்டாச்சு மேடம். ஒன்பது வருசம் கேட்டேன்."

போனை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த மாமியாரைத் தாண்டி, மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்.  

"மாமா, அத்தைகிட்ட சொல்லிடுங்க. இனிமே நான் அவங்களோட பேசறதா இல்ல. எதுவா இருந்தாலும் உங்க மூலமாத்தான்." மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்த, மாமாகிட்ட சொல்லிடுங்க. அவரோடயும் இனிமே எனக்குப் பேச்சு கெடையாது. எதுவா இருந்தாலும் உங்க மூலமாத்தான்."

முன் சீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பலராமன் விரலை விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்ப இப்ப நீ யாருகிட்டம்மா பேசுன?" என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் மூன்று பேரும் பேசவில்லை. சோறு ஆனது யாருக்கும் தெரிவிக்கப்படாமல் ஆறிப்போனது. போனில் அருள்முருகன், "இன்னா வூட்ல ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றான். "அப்பா அம்மா சேந்துதான் பேசினாங்க. வில்லியனூருல நூறு பேரு சாட்சி" என்று சொல்லி வைத்துவிட்டாள். வெண்ணிலா மட்டும் நடுக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்லி அனுப்ப மாட்டார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. செல்வகுமாரி அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம்வரை வாய்க்கால் கரையில் விளையாட விட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் பை, டிபன் பாக்ஸ். இடுப்பில் வெண்ணிலா. பலராமன் வாசல் நாற்காலியில் இருந்தார். தையலம்மாள் ஐந்தடி தள்ளி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அத்தைகிட்ட சொல்லுங்க. ரசம் நீலச் சட்டியில இருக்குது. பாப்பாவை ஸ்கூலு பக்கத்துல டீச்சரம்மா வூட்ல வுட்டுட்டு நான் அப்படியே பஸ் ஏறிடுவேன். சாயந்தரம் நாலு மணிக்கு அவங்கதான் போய்க் கூட்டிக்கினு வரணும்."

தையலம்மாளுக்கு எல்லாம் கேட்டது. முறம் நின்றுவிட்டது. ஆனால் வீட்டுச் சட்டப்படி அது இன்னும் சொல்லப்படாத பேச்சு. அவள் காத்திருந்தாள். பலராமன் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கன்றுக்குட்டியைப் பார்த்தார். முனையில் பஸ் ஹாரன் அடித்தது போலிருந்தது. மாவு மில்லுக்கு வந்த லாரிதான். ஆனாலும் மணி ஏழு மூன்று.

வெண்ணிலாவால் தாங்க முடியவில்லை. அம்மா இடுப்பிலிருந்து எட்டி, "ஆயா..." என்று வாயைத் திறந்தது. செல்வகுமாரி டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு இட்லியைப் பிய்த்து அந்த வாயில் வைத்துவிட்டாள். குழந்தை மென்றது.  வாய் நிறைய இட்லியோடு அது தாத்தாவையே பார்த்தது.

பலராமன் தொண்டையைச் செருமினார்.

"தையலு."

"ம்."

"நாலு மணிக்குப் பாப்பாவ நீதான் போய்க் கூட்டிக்கினு வரணுமாம்."

"ம்." அவள் முறத்தில் கையை அளைந்தாள். பிறகு அரிசியைப் பார்த்தபடியே கேட்டாள். "ரசம் எதுல இருக்குதாம்?"

"நீலச் சட்டியில."

"முழுசா சொல்றதுதானே. அதுக்குள்ள பாதிய முழுங்கிட்டீங்க" என்றாள் தையலம்மாள்.

செல்வகுமாரி பிள்ளையை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஓடினாள்.